“நல்லா இருக்கு மச்சி” – கம்ப்யூட்டர் அனிமேஷனில் பின்னூட்டம் வளர்ந்த கதை

இந்த முறை கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீயை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். (டீ என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி வரும்.)

தமிழ் வலைப்பதிவுகள் பரப்பிய சொற்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது ‘பின்னூட்டம்’. எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நம் ஆட்களுக்கு இது பாடப்புத்தகச் சொல். வெளியே வரும் சிக்னலில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே கொடுப்பது. அது இல்லாத சிஸ்டம் தன் பாட்டுக்கு எங்கேயோ போய்க்கொண்டிருக்கும், தவறு நடப்பது அதற்கே தெரியாது. சாதாரணத் தமிழில் ‘ஊட்டுவது’ என்றால் சோறு ஊட்டுவதுதான். இரண்டு அர்த்தமும் இந்தப் பதிவுக்குப் பொருந்தும்.

பொழுதுபோக்காக 3டி மாடலிங், அனிமேஷன் செய்கிறவர்கள் நம் செட்டில் ஏழெட்டுப் பேராவது இருக்கிறார்கள். பகலில் மெக்கானிக்கல், சிவில், காமர்ஸ். ராத்திரி பிளெண்டர். ஒரு வாரம் உட்கார்ந்து ஒன்றைச் செய்து குரூப்பில் போடுவார்கள். கீழே வருவது என்ன? “சூப்பர் மச்சி”, “செம மாப்ள”, நாலு நெருப்பு பொம்மை. இல்லையென்றால் “இது என்னடா சுட்டி டிவில வர்ற மாதிரி இருக்கு”. இரண்டில் எதை வைத்துக்கொண்டும் அந்தப் பையனால் அடுத்த நாள் ஒரு கோட்டைக்கூட நகர்த்த முடியாது. நாலு தடவை இப்படி நடந்தால் விட்டுவிடுவான். விட்டவர்களை எனக்குத் தெரியும். அரியமங்கலத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்கிறவனுக்கு வாத்தியார் கிடையாது, லேப் கிடையாது. பார்த்துவிட்டு நாலு வார்த்தை சொல்கிறவன்தான் அவனுக்குக் காலேஜ்.

அதனால் இந்தத் துறையில் பெரிய ஆட்கள் ஆரம்பத்தில் என்ன மாதிரிப் பின்னூட்டம் வாங்கினார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் சுவாரசியமானவை இங்கே.

கம்ப்யூட்டர் அனிமேஷனின் முதல் சாதனைகள் பலவும் மாணவர்கள் செய்தவை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட் கேட்மல் (பிற்காலத்தில் பிக்சார் தலைவர்) 1972-ல் தன் இடது கையைப் பிளாஸ்டர் அச்செடுத்து, அதன்மேல் கோடு போட்டு, அளந்து, சுமார் 350 பாலிகான்களாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அச்சைப் பிரித்தபோது கையில் இருந்த முடியெல்லாம் சேர்ந்து வந்துவிட்டதாம் :-) அந்தக் கை மடங்கி விரியும் ஒரு நிமிடச் சொச்சப் படத்தை 2011-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள். செய்தபோது அது ஒரு கிராஜுவேட் மாணவனின் பிராஜெக்ட், அவ்வளவுதான்.

அதே யூட்டாவில் மார்ட்டின் நியூவெல் என்ற ஆராய்ச்சியாளர், 1974-75 வாக்கில், தன் ரெண்டரிங் முறைகளைச் சோதித்துப் பார்க்க நல்ல வளைவுகள் கொண்ட ஒரு பொருள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். வீட்டில் டீ குடிக்கும்போது மனைவி சாண்ட்ராவிடம் இதைச் சொல்ல, அவர் மேஜையில் இருந்த டீ செட்டையே காட்டி “இதைச் செய்யேன்” என்றார். நியூவெல் கிராஃப் பேப்பரில் கெட்டிலை வரைந்து, பெசியர் வளைவுகளுக்கான புள்ளிகளாக மாற்றினார். அதுதான் யூட்டா டீபாட். உலகம் முழுக்க 3டி மென்பொருள்களில் இன்றுவரை இருக்கும் அதே டீபாட். விண்டோஸ் 98 காலத்துப் பைப் ஸ்கிரீன்சேவரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும்போது எப்போதாவது ஒரு முட்டில் திடீரென்று ஒரு டீபாட் எட்டிப் பார்க்கும். இதுதான் அது.

நியூவெல் செய்த முதல் டீபாட்டுக்கு அடிப்பாகமே கிடையாது! மேஜையில் வைத்தால் அடி தெரியாதே, யார் கவலைப்பட்டது. அவர் அளவுகளை வெளியிட, மற்றவர்கள் எடுத்துத் திருப்பிப் பார்த்து, சுற்றிப் பார்த்து, பிற்பாடு அடிப்பாகத்தைச் சேர்த்தார்கள். ஜிம் பிளின் என்ற சகா உயரத்தைக் கொஞ்சம் அமுக்கிவிட்டார், நாம் இன்று பார்ப்பது அந்தக் குள்ளமான வடிவம்தான். (அசல் பீங்கான் டீபாட் கலிஃபோர்னியாவில் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் இருக்கிறது. அது உயரமானது.) ஒருவர் செய்ததை இன்னொருவர் திருப்பிப் பார்த்து “அடி எங்கே?” என்று கேட்டதில்தான் இந்தத் துறையே ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு முன்பே கையால் வரையும் கார்ட்டூன் உலகத்தில் பின்னூட்டத்துக்கு ஒரு தனி அறையே இருந்தது. 1930-களில் டிஸ்னி ஸ்டூடியோவில் அனிமேட்டர்கள் வரைந்த பென்சில் கோடுகளை அப்படியே படம் பிடித்து ஒரு சின்ன அறையில் போட்டுப் பார்ப்பார்கள். ஏ.சி. கிடையாது, காற்றோட்டம் கிடையாது. வால்ட் டிஸ்னி வந்து உட்கார்ந்து ஒவ்வொரு காட்சியாகப் பிரித்து மேய்வார். அந்த அறைக்கு ‘வியர்வைப் பெட்டி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வியர்த்தது வெயிலாலா பயத்தாலா என்று கேட்கக்கூடாது. ஆனால் ஒரு விஷயம், அங்கே பேச்சு படம் முடிந்தபிறகு நடந்ததில்லை. வெறும் பென்சில் கோடாக இருக்கும்போதே நடந்தது. அழித்து வரைய முடிகிற நேரத்தில்.

அந்த ஸ்டூடியோவிலிருந்து ஒருவர் இந்தியாவுக்கே வந்தார். கிளேர் வீக்ஸ். பாம்பி, பீட்டர் பான் காலத்து டிஸ்னி ஆள், மிஷனரி பெற்றோருக்கு இந்தியாவில் பிறந்தவர். 1956-ல் மும்பை ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். அவரிடம் கற்றவர்தான் இந்திய அனிமேஷனின் தந்தை என்று சொல்லப்படும் ராம் மோகன். 1957-ல் ‘தி பனியன் டீர்’ என்ற படம் அந்தப் பிரிவிலிருந்து வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, வரைந்த தாளைப் புரட்டிப் பார்த்து, “இங்கே எடை இல்லை” என்று சொல்லும் ஒரு ஆள்... நம் நாட்டில் முறையான அனிமேஷன் பயிற்சி தொடங்கியது அப்படித்தான்.

சரி, இந்தப் பதிவின் முக்கியமான கதைக்கு வருகிறேன்.

1985-86. ஜான் லாசெட்டர் என்ற அனிமேட்டர் தன் மேஜைவிளக்கை மாடல் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். நண்பர் ஒருவர் ஆபீசுக்குத் தன் கைக்குழந்தையைக் கூட்டிவர, குழந்தையின் பெரிய தலை, குட்டிக் கை கால் இதையெல்லாம் பார்த்து “குட்டி விளக்கு எப்படி இருக்கும்?” என்று ஒரு குட்டி விளக்கும் செய்தார். அப்போது அது கதையெல்லாம் இல்லை, வெறும் அசைவுச் சோதனை. அந்தத் துண்டை பிரசல்ஸில் ஒரு விழாவில் காட்டியபோது பெல்ஜியத்தின் மூத்த அனிமேட்டர் ரவூல் செர்வே பார்த்தார். ஆஹா என்று சொல்லவில்லை, குறையும் சொல்லவில்லை. கதை என்ன என்று கேட்டார். இது ரொம்பச் சின்னத் துண்டு, கதைக்கெல்லாம் இடமில்லை என்று லாசெட்டர் சொல்ல, பத்து வினாடியிலும் கதை சொல்லலாம், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஒரு தொடக்கம், நடு, முடிவு வேண்டும் என்றார் செர்வே.

லாசெட்டர் திரும்பி வந்து செய்ததுதான் ‘லக்ஸோ ஜூனியர்’. பெரிய விளக்கு, குட்டி விளக்கு, ஒரு பந்து. குட்டி பந்தின்மேல் ஏறிக் குதிக்கிறது, பந்து காற்றுப் போய்விடுகிறது, குட்டி தலையைத் தொங்கப் போடுகிறது... பிறகு இன்னும் பெரிய பந்தோடு வருகிறது. இரண்டு நிமிடம்தான். பிக்சார் படம் ஆரம்பிக்கும்போது எழுத்தை மிதித்துவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்குமே, அந்த விளக்கு.

1986 ஆகஸ்டில் டல்லஸில் நடந்த சிக்ராஃப் மாநாட்டில் படத்தைத் திரையிட்டார்கள். அரங்கத்தில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஆட்கள். கைதட்டல் ஓயவில்லை. முடிந்ததும் ஜிம் பிளின் (டீபாட்டை அமுக்கிய அதே பிளின்!) லாசெட்டரை நோக்கி வந்தார். லாசெட்டருக்குப் பயம். நிழல் விழும் கணக்கைப் பற்றித்தான் கேட்கப்போகிறார், அந்தக் கணக்கு நமக்குத் தெரியாதே என்று. பிளின் கேட்டது வேறு: அந்தப் பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா?

லாசெட்டரே இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அந்த நிமிடத்தில்தான் ஜெயித்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்ததாம். உலகத்தின் தலைசிறந்த கிராபிக்ஸ் கணித மூளைகளில் ஒன்று, கணக்கை மறந்துவிட்டு விளக்கின் குடும்பத்தைப் பற்றிக் கேட்கிறது.

செர்வேயும் பிளின்னும் ஆளுக்கு ஒரு கேள்விதான் கேட்டார்கள். தீர்ப்புச் சொல்லவில்லை. ஒருவர் படம் முடிவதற்கு முன்னால், இன்னொருவர் முடிந்தபிறகு. முதல் கேள்வி படத்தை மாற்றியது. இரண்டாவது கேள்வி, பார்க்கிறவன் தலைக்குள் என்ன போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதைச் செய்தவனுக்குக் காட்டியது. ‘செம’ என்ற ஒற்றை வார்த்தையில் இந்த இரண்டுமே வராது.

இதே லாசெட்டரின் அடுத்த படங்களில் ஒன்று ‘டின் டாய்’ (1988). ஆஸ்கர் வாங்கிய முதல் கம்ப்யூட்டர் அனிமேஷன் படம். ஆனால் அதில் வரும் குழந்தை இருக்கிறதே, பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். யூடியூபில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஆஸ்கர் வாங்கியதற்கும் பின்னூட்டம் உண்டு!

இதற்கிடையில் இன்னொரு முக்கியமான விஷயம் நடந்தது. டிஸ்னியின் பழைய அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981-ல் தங்கள் புத்தகத்தில் அனிமேஷனுக்கான 12 கொள்கைகளை எழுதினார்கள். அமுங்கி நீள்வது, ஒரு செயலுக்கு முன்னால் வரும் தயாரிப்பு அசைவு, வளைவான பாதை, டைமிங் இப்படி. லாசெட்டர் 1987 சிக்ராஃபில் அவற்றைக் கம்ப்யூட்டர் அனிமேஷனுக்குப் பொருத்தி ஒரு கட்டுரை வாசித்தார். செய்கிறவர்களுக்கு எவ்வளவு உபயோகமோ அதே அளவு பார்க்கிறவர்களுக்கும் இது உபயோகம் என்று நான் நினைக்கிறேன். அதுவரை “ஏதோ சரியில்ல” என்று மட்டும் சொல்லத் தெரிந்தவனுக்கு, “குதிக்கறதுக்கு முன்னாடி முட்டிய மடக்கவே இல்லையே” என்று சொல்ல வாய் வந்தது.

இதெல்லாம் பெரிய லேப்களின் கதை. வீட்டில் உட்கார்ந்து செய்கிறவன் எப்போது வந்தான்?

1990-களின் தொடக்கத்தில் பாவ்-ரே என்ற இலவச மென்பொருள் வந்தது. அதில் மவுசால் ஒன்றும் செய்ய முடியாது. உருண்டை இங்கே, வெளிச்சம் அங்கே என்று புரோகிராம் மாதிரி எழுதிக்கொடுத்து, ராத்திரி முழுக்க ஓடவிட்டால் காலையில் ஒரு படம் வந்திருக்கும். இந்த ஆட்களுக்காக 1996 முதல் 2006 வரை இன்டர்நெட் ரே டிரேஸிங் போட்டி என்று ஒன்று நடந்தது. எனக்கு அதில் பிடித்தது அதன் விதிகள். படத்தோடு, அதை எப்படிச் செய்தேன் என்று ஒரு குறிப்பும் எழுதிக்கொடுத்தே ஆகவேண்டும். மதிப்பெண் கலைக்குத் தனி, தொழில்நுட்பத்துக்குத் தனி, யோசனைக்குத் தனி. அதாவது “வெளிச்சம் அருமை, ஐடியா பழசு” என்று பிரித்துச் சொல்லியே ஆகவேண்டும். மொத்தமாக ஒரு ‘சூப்பர்’ போட்டுவிட்டு ஓட முடியாது.

பிறகு பிளெண்டர். நெதர்லாந்தின் டோன் ரூசண்டால் 1994-ல் தன் ஸ்டூடியோவுக்காக எழுத ஆரம்பித்தது. 1998-ல் தனிக் கம்பெனி ஆனது, முதலீட்டாளர்கள் வந்தார்கள், 2002-ல் மூடினார்கள். சாதாரணமாக அங்கேயே கதை முடிந்திருக்கும். ரூசண்டால் முதலீட்டாளர்களிடம் பேசி, 1 லட்சம் யூரோ கொடுத்தால் மூல நிரலை விடுவிப்பதாக ஒப்புக்கொள்ள வைத்தார். 2002 ஜூலையில் வசூல் ஆரம்பித்து ஏழே வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது! அக்டோபர் 13-ல் பிளெண்டர் கட்டற்ற மென்பொருள் ஆனது. கொடுத்தவர்களில் பெரும்பாலானவர்கள் இதை வைத்து ராத்திரியில் பொம்மை செய்துகொண்டிருந்த சாதாரண ஆட்கள். ஒருவருக்கொருவர் வேலையைக் காட்டி, திருத்தி, ஏற்கெனவே பழகியவர்கள். அந்தப் பழக்கம் இல்லாமல் அந்தப் பணம் சேர்ந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நம் ஊருக்கு இது ஏன் முக்கியம் என்றால், ஆரம்பகால பிளெண்டர் பத்து எம்.பி.க்குள் அடங்கிவிடும். பிரவுசிங் சென்டரில் இறக்கி, பென் டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரலாம். மாயா, மேக்ஸ் எல்லாம் காசு கொடுத்து வாங்க யாரால் முடியும்? (எல்லாரிடமும் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.) 2012 வாக்கில் மணிக்கணக்காகக் கரண்ட் போன காலத்தில், பாதி ரெண்டரில் மெஷின் அணைந்துபோன சோகத்தை அண்ணன்மார்கள் இன்னும் சொல்கிறார்கள்.

பிளெண்டர் ஆட்கள் கூடும் இடங்களில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ‘முடித்த வேலை’க்குத் தனிப் பகுதி, ‘நடந்துகொண்டிருக்கும் வேலை’க்குத் தனிப் பகுதி, ‘தயவுசெய்து குறை சொல்லுங்கள்’ என்பதற்கென்றே ஒரு பகுதி. கேட்கிறவன் எந்த வாசலில் நிற்கிறான் என்று தெரிந்துவிடும். முடித்துவிட்டேன் என்று சந்தோஷமாகக் காட்டுகிறவனிடம் போய் முதுகெலும்பை மாற்று என்று சொன்னால் அவன் என்ன செய்வான் பாவம்.

2006-ல் பிளெண்டரில் செய்த முதல் ‘திறந்த திரைப்படம்’ ‘எலிஃபண்ட்ஸ் டிரீம்’ வந்தது. படத்தோடு எல்லா ஃபைல்களையும் கொடுத்துவிட்டார்கள். பார்த்தவர்களில் பலர் சொன்னது ஒன்றுதான்: பார்க்க அழகாக இருக்கிறது, என்ன நடக்கிறது என்று புரியவில்லை. 2008-ல் வந்த அடுத்த படத்துக்கு இலக்கு என்ன வைத்தார்கள் தெரியுமா? வேடிக்கையாக இருக்கவேண்டும், உடம்பெல்லாம் முடி இருக்கவேண்டும். ‘பிக் பக் பன்னி’. குண்டு முயல் ஒன்று, அதைச் சீண்டும் மூன்று குட்டிப் பிராணிகள். சின்னக் குழந்தைக்கும் புரியும். முடியை ரெண்டர் செய்யும் வசதிகளும் அதோடு சேர்ந்து வளர்ந்தன.

அதே காலத்தில் 11 செகண்ட் கிளப் என்று ஒரு மாதப் போட்டி பிரபலமானது. 11 வினாடி வசனம் ஒன்றைக் கொடுப்பார்கள், அதற்கு ஒரு பாத்திரத்தை நடிக்க வைக்கவேண்டும். ஜெயித்தவனுக்குப் பரிசு பணமில்லை. ஒரு தொழில்முறை அனிமேட்டர் அவன் வேலையை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்துக் கருத்துச் சொல்வார். முதல் பரிசு வாங்கியவனுக்குக் கிடைப்பதே இன்னும் என்னென்ன திருத்தலாம் என்ற பட்டியல். முதலில் படித்தபோது சிரிப்பாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் காசு கொடுத்தாலும் கிடைக்காத பரிசு.

இனி நம் தமிழ்நாடு. சென்னையின் பெண்டாஃபோர், பிறகு பெண்டாமீடியா என்ற பெயரில், 2000-ல் ‘சிந்துபாத்’தையும் ‘பாண்டவாஸ்’ படத்தையும் கொண்டுவந்தது. மோஷன் கேப்சரையே முழுக்க நம்பி எடுத்த முழுநீளப் படங்களில் சிந்துபாத் உலக அளவில் முன்னோடி. 2007-ல் இளையராஜா இசையில் ‘இனிமே நாங்கதான்’ என்ற தமிழ் 3டி படம். 2014 மே 23-ல் ‘கோச்சடையான்’. கோச்சடையானுக்கு வந்த விமர்சனங்களில் பல, முகங்கள் உயிரில்லாமல் இருப்பதையும் அசைவு விறைப்பாக இருப்பதையும் சொன்னன. இணையத்தில் கிண்டல் அதைவிட அதிகம். கிண்டல் அடித்தவர்களில் எத்தனை பேருக்கு ஒரு கண்ணிமையை மூடித் திறக்கவைக்கத் தெரியும் என்று கேட்க ஆசை. ஆனால் நியாயமான கேள்வி வேறு. அத்தனை கோடி செலவு செய்த படத்துக்குப் பார்வையாளர் கருத்து, டிக்கெட் கிழித்தபிறகுதான் வந்துசேர்கிறது. ரிலீஸ் தேதி குறித்தாகிவிட்டது, திருத்த நேரமில்லை. இந்த ஒரு விஷயத்தில் அரியமங்கலத்துப் பையன் கோடம்பாக்கத்தைவிடக் கொடுத்துவைத்தவன். அவனுக்கு ரிலீஸ் தேதி கிடையாது.

காட்டிவிட்டுத் திருத்துவது நமக்குப் புதிதும் இல்லை. காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். கோயிலுக்குள் தாயார் சன்னதிக்கு எதிரே ஒரு மண்டபம் இருக்கிறது. கம்பர் இராமாயணத்தை அரங்கேற்றிய இடம் என்று சொல்வார்கள். இரணியன் கதையை இராமாயணத்துக்குள் வைத்தது சரியா என்று அங்கிருந்தவர்கள் ஆட்சேபிக்க, பக்கத்தில் இருக்கும் மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார் என்பது ஐதீகம். தலையசைத்த சிங்கரைத்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறோம். கேள்வி கேட்டவர்களை யாரும் சொல்வதில்லை. அவர்கள் கேட்காமல் இருந்திருந்தால் சிங்கருக்குத் தலையசைக்க வேலையே இருந்திருக்காது.

தொல்காப்பியத்துக்கு நச்சினார்க்கினியர் சொல்லும் கதை இன்னும் ருசியானது. சீடன்மேல் கோபமாக இருந்த அகத்தியர், தொல்காப்பியன் நூலைக் கேட்காதே என்று அதங்கோட்டாசானிடம் சொல்லிவிட்டார். தொல்காப்பியரோ கேட்டே ஆகவேண்டும் என்கிறார். நடுவில் மாட்டிக்கொண்ட அதங்கோட்டாசான், கேட்பது போலக் கேட்டுக் குற்றம் சொல்லிக்கொண்டே இருப்போம் என்று முடிவு செய்தார். அவர் சொன்ன குற்றத்துக்கெல்லாம் தொல்காப்பியர் விடை சொல்லிவிட்டாராம். குறை கண்டுபிடிக்கவே உட்கார்ந்தவர்கூட முழுசாகக் கேட்கவேண்டியிருந்தது, கவனியுங்கள். நம் ஆட்கள் முப்பது வினாடி வீடியோவில் எட்டாவது வினாடியில் ‘செம’ போடுகிறார்கள்.

இப்போது ஒரு உள்ளூர்க் கதை. பெயர் வேண்டாம், நண்பன் ஒருவன் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை பிளெண்டரில் செய்துகொண்டிருக்கிறான். விஜயநகர காலத்தில் அடித்தளத்தோடு நின்றுபோய், 1979-ல் மறுபடி வேலை தொடங்கி, 1987-ல் குடமுழுக்கு கண்ட கோபுரம். 13 நிலை, 236 அடி. இவன் ஒரு நிலையை மட்டும் நுணுக்கமாகச் செய்து, மற்றதை நகல் எடுத்து, மேலே போகப்போக அகலத்தைக் குறைத்துக்கொண்டே போய்விட்டான். ரெண்டர் எடுத்துப் போட்டான். எல்லாரும் சூப்பர். அவனுக்கே ஏதோ உறுத்தியது, என்ன என்று தெரியவில்லை.

நாலைந்து பேர் உட்கார்ந்து நிஜப் போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நிறத்தையும் சிலைகளையும் விட்டுவிட்டு, இரண்டையும் வெறும் கறுப்பு நிழலுருவமாக்கிப் பார்த்தபோது பளிச்சென்று தெரிந்தது. நிஜக் கோபுரத்தில் நிலைகள் அகலத்தில் மட்டும் குறையவில்லை, உயரத்திலும் குறைகின்றன. இவனுடையது அடுக்கிவைத்த டிபன் பாக்ஸ் மாதிரி நின்றது. இன்னொருத்தன் வெளிச்சத்தைப் பிடித்தான். “மாப்ள, மஞ்சள் வெயில் போட்டு காலை நேரம்ங்கிற. தெக்கு கோபுரத்த ரோட்டுலேருந்து பாத்தா சூரியன் வலது பக்கம் இருக்கணும், நிழல் இடது பக்கம் விழணும். உனக்கு வலப்பக்கம் விழுதே?” அதாவது அவன் கோபுரத்துக்குச் சூரியன் மேற்கே உதித்திருந்தது.

எல்லாவற்றையும்விட நல்ல கருத்து அவன் அம்மாச்சி சொன்னது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மானிட்டரை உற்றுப் பார்த்துவிட்டு, “ஏண்டா தம்பி, கோபுரம் வாசல்ல ஒரு ஈ காக்கா இல்லையே? பூக்கடையெல்லாம் எங்க?” என்றார். நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. வாசலில் ஒரு ஆள், ஒரு பூக்கூடை, ஒரு ஆட்டோ இல்லாமல் அது 236 அடியா, மேஜைமேல் வைக்கும் பொம்மையா என்று பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும்? இத்தனை நாள் கோபுரம் பெரிதாகத் தெரியவில்லை என்று கேமராவை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். மாடலிங் என்ற சொல்லையே கேள்விப்படாத அம்மாச்சி பார்த்தவுடன் சொல்லிவிட்டார். செர்வே கதையைக் கேட்டது மாதிரி இவர் பூக்கடையைக் கேட்டார்.

ஆகவே மக்களே, அனிமேஷன் தெரியாது, நான் என்ன சொல்ல என்று ஒதுங்காதீர்கள். தெரிந்தால் வயர்ஃப்ரேமைக் காட்டச் சொல்லுங்கள். முழங்கையில், வாயோரத்தில் கோடுகள் எப்படி ஓடுகின்றன என்று பாருங்கள், அங்கே சரியில்லாமல் மடக்கினால் துணி மாதிரி கசங்கும். நடக்கும் பாத்திரமென்றால் ஊன்றிய கால் தரையில் வழுக்குகிறதா என்று அந்தக் காலை மட்டும் பாருங்கள். இரண்டு கையும் ஒரே ஃபிரேமில் ஒரே மாதிரி அசைந்தால் அதைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், உங்களுக்கு என்ன தோன்றியது என்பதைச் சொன்னால் போதும். “அவன் பெட்டியைத் தூக்கறான்னு புரிஞ்சுது, ஆனா பெட்டி காலியா இருக்கற மாதிரி இருந்துச்சு” என்றால் அதைவிட என்ன வேண்டும்? மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.

நல்லதையும் இடம் சுட்டிச் சொல்லவேண்டும். மனசு குளிர்வதற்காக மட்டும் சொல்லவில்லை. எது நன்றாக இருக்கிறது என்று தெரியாதவன், திருத்துகிறேன் பேர்வழி என்று அதையும் சேர்த்து அழித்துவிடுவான். நடந்திருக்கிறது.

மென்பொருளுக்கே இது பொருந்தும். பிளெண்டரில் வலது கிளிக்கில்தான் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று வருஷக்கணக்காக வைத்திருந்தார்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் புலம்புவார்கள், பழைய ஆட்கள் பழகிக்கோ என்பார்கள். 2019 ஜூலையில் வந்த 2.80-ல்தான் இடது கிளிக் இயல்பாக ஆனது. அதற்குப் பிறகு உள்ளே வந்த கூட்டத்தைப் பார்த்தால், புலம்பியவர்கள் சொன்னதில் எவ்வளவு நியாயம் என்று தெரியும்.

லாட்வியாவின் கிண்ட்ஸ் ஸில்பலோடிஸ் 2019-ல் ‘அவே’ என்ற முழுநீளப் படத்தைத் தனியாளாகச் செய்தார். மாடல், அசைவு, இசை எல்லாம் அவரே. அடுத்த படத்தைச் சின்னக் குழுவோடு பிளெண்டரில் செய்தார். ‘ஃப்ளோ’. வசனமே இல்லாத ஒரு பூனையின் கதை. 2025 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது, லாட்வியாவுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் அது. தனியாகவே படம் எடுத்துப் பழகியவர் இந்த முறை மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொண்டார் என்பதும், தனியாகத் திரிந்த பூனை மற்ற பிராணிகளோடு ஒரே படகில் போகக் கற்றுக்கொள்வதும் ஒன்றுதான் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மோஷன் கேப்சர் கிடையாது. நிஜப் பிராணிகளைப் பார்த்துப் பார்த்து, கையால் அசைத்தது.

நம் ராஜகோபுரம் ஏழாவது நிலை வரை உயரம் திருத்தியாகிவிட்டது. சூரியன் கிழக்கே போயாகிவிட்டது. வாசலில் இரண்டு பூக்கடையும் ஒரு ஆட்டோவும் வந்திருக்கின்றன. ஆட்டோவின் பின்சக்கரம் தரையில் படாமல் ஒரு விரற்கடை மேலே நிற்கிறது. இன்னும் அவனிடம் சொல்லவில்லை, அடுத்த ரெண்டரை அவன் காட்டும்போது சொல்லவேண்டும் :-)